பூஸ்ட்டோடு சேர்ந்து ஏறும் சூடு: கம்பெனி டர்போவின் எல்லை எங்கே இருக்கிறது?

எக்ஸாஸ்ட் வாயுவால் டர்பைன் சக்கரத்தைச் சுற்றி, அதே தண்டில் உள்ள கம்ப்ரசரால் காற்றை நெருக்கி இஞ்சினுக்குள் தள்ளுவது டர்போ; வெளிக்காற்றுக்கு மேல் அது ஏற்றும் அழுத்தம்தான் பூஸ்ட். காரோடு வந்த டர்போவில் பூஸ்ட்டை ஏற்றுவது அரை மணி நேர வேலைகூட இல்லை. எக்ஸாஸ்ட் வாயுவில் ஒரு பங்கை டர்பைனைத் தொடாமல் வெளியே விடும் கதவு வேஸ்ட்கேட், அதைத் திறப்பது ஆக்சுவேட்டர். கம்ப்ரசரிலிருந்து அந்த ஆக்சுவேட்டருக்கு ஒரு சின்ன ரப்பர் குழாய் போகும். நடுவே ஒரு டீ இணைப்பைச் செருகி, கொஞ்சம் காற்று வெளியே கசியும்படி திருகி வைத்தால் ஆக்சுவேட்டருக்குக் குறைந்த அழுத்தம்தான் போய்ச் சேரும். 0.8 பாரில் (1 பார் ஏறக்குறைய வெளிக்காற்றின் அழுத்தம்) திறக்க வேண்டிய கதவு 1.2 வரும்வரை மூடியே கிடக்கும். எக்ஸாஸ்ட் வாயு அத்தனையும் டர்பைன் வழியாகவே வெளியேறியாக வேண்டும். சக்கரம் இன்னும் வேகமெடுக்கும். கார் முதுகில் கைவைத்துத் தள்ளும். இஞ்சினை ஆளும் கணினியான ஈசியூவை ரீமேப் செய்து, அதாவது அதன் மென்பொருளை மாற்றி ஏற்றினாலும் அடிப்படையில் நடப்பது இதுதான். அங்கே கசிவை மின்சாரத்தால் இயங்கும் ஒரு சோலினாய்டு வால்வு நொடிக்குப் பல தடவை திறந்து மூடி அளந்து செய்கிறது, அவ்வளவே.

திருகுவது எளிது என்பதால், "இந்த டர்போ எத்தனை பார் தாங்கும்?" என்று ஒற்றை எண்ணாகக் கேட்கிறோம். பதிலாக ஒற்றை எண் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணில் நம்பிக்கை இல்லை. ஏன் என்று கணக்கோடு சொல்கிறேன்.

பூஸ்ட் கேஜ் காட்டுவது இஞ்சினுக்குள் போகும் காற்றின் அளவை அல்ல, வாசலில் காற்று எவ்வளவு நெருக்கியடித்து நிற்கிறது என்பதை. நெருக்கம் கூடுவதற்கு இரண்டு வழி உண்டு. காற்று கூடலாம், அல்லது இருக்கிற காற்று சூடாகலாம். கேஜுக்கு இரண்டும் ஒன்றுதான். இஞ்சினுக்கு ஒன்று பலம், மற்றது ஆபத்து.

30 டிகிரி வெயிலில் ஒரு காரை எடுத்துக்கொள்வோம். 1 பார் பூஸ்ட் என்றால் கம்ப்ரசர் வெளிக்காற்றை ஏறக்குறைய இரண்டு மடங்கு அழுத்துகிறது. எந்த இழப்பும் இல்லாத கம்ப்ரசராக இருந்தாலும் காற்று சுமார் 66 டிகிரி சூடாகும். இயற்பியல் விதி அது. உண்மையான கம்ப்ரசர் நல்ல நிலையில் 72 சதவீதத் திறனோடு வேலை செய்தால் ஏற்றம் 92 டிகிரி. அதாவது 122 டிகிரியில் காற்று வெளியே வரும். இப்போது அதே டர்போவை 1.4 பாருக்குத் தள்ளுகிறோம். சின்ன டர்போ என்பதால் அது தன் வசதியான எல்லையைத் தாண்டிவிடும், திறன் 60 சதவீதத்துக்கு இறங்கிவிடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே வரும் காற்று 173 டிகிரி. இந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரே இல்லாவிட்டால் பூஸ்ட்டை 1 பாரிலிருந்து 1.4க்கு ஏற்றியதில் காற்றின் அடர்த்தி வெறும் 6 சதவீதம்தான் கூடியிருக்கும். ஏறிய சூட்டில் 70 சதவீதத்தைக் கழிக்கிற ஒரு நல்ல இன்டர்கூலர் இருந்தால் அது 15 சதவீதமாகும்.

15 சதவீதம் நல்ல லாபம்தானே என்று தோன்றும். அதற்குக் கொடுக்கும் விலையையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு கிலோ காற்றையும் 92 டிகிரிக்குப் பதில் 143 டிகிரி சூடாக்க வேண்டியிருக்கிறது, காற்றும் 15 சதவீதம் கூடியிருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் கம்ப்ரசர் தண்டு செய்ய வேண்டிய வேலை முக்கால் பங்குக்கும் மேல் கூடிவிட்டது. அந்த வேலையை டர்பைன்தான் கொடுக்க வேண்டும். டர்பைனுக்கு அது எங்கிருந்து வரும்? எக்ஸாஸ்ட் வாயுவை இன்னும் அடைத்து நிறுத்தித்தான். சின்ன டர்பைனில், அதற்கு முன்னால் உள்ள குழாய்த் தொகுதியான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் இருக்கும் அழுத்தம், நாம் கேஜில் பார்க்கும் பூஸ்ட்டைப் போல இரண்டு மடங்கு ஆகிவிடுவதுண்டு. அந்த அழுத்தத்தில் எரிந்த வாயு முழுதாக வெளியேறாது. ஒரு பங்கு சிலிண்டரிலேயே தங்கி, அடுத்து வரும் புதுக் காற்றையும் சூடாக்கும். இன்டர்கூலர் வாசலில் கழித்த சூட்டைப் பின்வாசல் திரும்பக் கொண்டுவந்துவிடுகிறது. பூஸ்ட் கேஜில் இதில் ஒரு வரிகூடத் தெரியாது.

கம்ப்ரசர் எங்கே வசதியாக இருக்கிறது என்பதைக் கம்ப்ரசர் மேப் என்ற வரைபடம் காட்டும். குறுக்கே காற்றின் ஓட்டம், நெடுக்கே அழுத்த விகிதம். நடுவில் தீவு தீவாகத் திறன் வளையங்கள். இடது ஓரத்தில் சர்ஜ் கோடு: அதைத் தாண்டினால் ஓட்டம் போதாமல் காற்று பின்வாங்கி அடிக்கும், அந்த உதறலை வாங்குவது, தண்டு முன்னும் பின்னும் நகராமல் தாங்கும் த்ரஸ்ட் பேரிங். வலது ஓரத்தில் சோக்: அங்கே எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்று கூடாது, சூடு மட்டும் கூடும். தொழிற்சாலை டர்போ சின்னதாக இருப்பதற்குக் காரணம் 1,800 ஆர்பிஎம்மிலேயே பூஸ்ட் வரவேண்டும் என்பது. அப்படிப்பட்ட டர்போவில் உச்ச ஆர்பிஎம்மில் கேட்கப்படும் காற்று ஏற்கனவே வலது ஓரத்துக்கு அருகில்தான் இருக்கும்.

அப்புறம் சக்கரத்தின் வேகம். 48 மில்லிமீட்டர் கம்ப்ரசர் சக்கரம் நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு நொடிக்கு 500 மீட்டர் போகிறது. ஒலியைவிட வேகம். உள்ளங்கையில் அடங்குகிற வார்ப்பு அலுமினியத் துண்டு இது. சுற்றும் வேகம் 10 சதவீதம் கூடினால் அதைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை 21 சதவீதம் கூடும். உடனே எதுவும் ஆகாது. அலுமினியம் களைப்பைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். மலையேறும்போது இது இன்னும் மோசம். 2,000 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் ஏறக்குறைய 0.8 பார்தான். அங்கேயும் கேஜில் 1 பார் வேண்டும் என்று அடம்பிடித்தால் அழுத்த விகிதம் 2லிருந்து 2.25க்கு மேல் போய்விடும். கம்பெனி ஈசியூ உயரத்தைப் பார்த்துப் பூஸ்ட்டைத் தானே குறைத்துக்கொள்ளும். கையால் திருகும் டீ இணைப்புக்கு உயரம் என்ற விஷயமே தெரியாது. ஈசியூ காரில் அந்தத் திருகை நான் சிபாரிசு செய்யாததற்கு இந்த ஒரு காரணமே போதும்.

சரி, சூடு கூடினால் என்ன ஆகும்? பெட்ரோல் இஞ்சினில் பதில் நாக்கிங்.

ஸ்பார்க் ப்ளக் பற்றவைத்த தீ சிலிண்டரின் நடுவிலிருந்து ஓரம் நோக்கிப் பரவுகிறது. பரவப் பரவ, இன்னும் எரியாமல் ஓரத்தில் ஒதுங்கியிருக்கும் கலவை நசுங்கிச் சூடாகிறது. தீ அங்கே போய்ச் சேரும்வரை அது தாங்கினால் எல்லாம் சுகம். தாங்காவிட்டால் அது முழுவதும் ஒரே நொடியில் தானாக வெடிக்கிறது. அழுத்த அலைகள் சிலிண்டர் சுவர்களுக்கு இடையே மோதித் திரும்புகின்றன. 86 மில்லிமீட்டர் சிலிண்டரில் அந்த அதிர்வு ஏறக்குறைய 6.5 கிலோஹெர்ட்ஸ், நாக் சென்சார் காது கொடுத்துக் கேட்பது அந்தப் பக்கத்து ஒலியைத்தான். எரியும் வாயு 2,000 டிகிரிக்கு மேல் இருந்தும், 600 டிகிரிக்குள் உருகத் தொடங்கிவிடும் பிஸ்டன் உருகாமல் இருப்பதற்குக் காரணம், அதன் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு மெல்லிய, அசையாத வாயுப் படலம். நாக்கிங் அலைகள் அந்தப் போர்வையை உரித்துவிடுகின்றன.

இப்படி அடிபட்ட பிஸ்டன் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். மேற்பரப்பில் ஓட்டை ஏதும் இல்லை. ஓரத்தில் மட்டும், எக்ஸாஸ்ட் வால்வு பக்கமாக, மணல் அடித்ததுபோல ஒரு சொரசொரப்பு. திருப்பினால் முதல் ரிங்குக்கும் இரண்டாவது ரிங்குக்கும் நடுவே உள்ள வரப்பு, கட்டைவிரல் நகம் அளவுக்கு உடைந்து போயிருந்தது. உடைந்த துண்டு சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழ்வரை கோடு இழுத்திருந்தது. அந்தக் காரின் உரிமையாளர் சொன்னது, "ஒரு சத்தமும் கேட்கவில்லை, கொஞ்ச நாளாக ஆயில் மட்டும் குறைந்தது." உயர் ஆர்பிஎம்மில், முழு ஆக்சிலரேட்டரில், சைலன்சர் சத்தத்துக்கும் காற்றுச் சத்தத்துக்கும் நடுவே நாக்கிங் மனிதக் காதுக்குக் கேட்காது. கேட்கும்போது நேரம் கடந்திருக்கும்.

இந்தப் போராட்டம் டர்போ கார்களின் முதல் நாளிலிருந்தே இருக்கிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூக்கி டர்போவுக்குக் காப்புரிமை எடுத்தது 1905இல். அது பெட்ரோல் காரில் விற்பனைக்கு வர 1962 ஆயிற்று. அந்த ஆண்டு வந்த ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரில் கம்ப்ரஷன் விகிதம் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்பது) 10.25, டர்போ இஞ்சினுக்கு அந்தக் காலத்தில் அது மிக அதிகம். பூஸ்ட் 0.35 பார் அளவில்தான் இருந்தது, ஆனாலும் நாக்கிங் வந்தது. அதற்காகத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த ஒரு திரவத்தைத் தனித் தொட்டியில் வைத்து, பூஸ்ட் ஏறும்போது தெளித்தார்கள். திரவம் தீர்ந்தால் பூஸ்ட் தானே அடங்கும்படியும் செய்திருந்தார்கள். ஊற்றி வைக்க மறந்தவர்கள் ஏராளம். கடைசியில் பல கார்களில் டர்போவையே கழற்றிவிட்டு சாதாரண கார்ப்புரேட்டர் மாட்டப்பட்டது. 1980களின் தொடக்கத்தில் சாப் நிறுவனம் வேறு வழியில் வந்தது. நாக் சென்சாரை வைத்து, நாக்கிங் தொடங்கும் இடத்தில் வேஸ்ட்கேட்டைத் திறந்துவிடும் ஏபிசி அமைப்பைக் கொண்டுவந்தது. நல்ல பெட்ரோல் போட்டால் பூஸ்ட் முழுதாகக் கிடைக்கும், மட்டமான பெட்ரோல் போட்டால் கார் தானே அடக்கி வாசிக்கும். இன்றைய எல்லா ஈசியூவும் அந்த வழியில்தான் போகின்றன, கூடுதலாக, ஸ்பார்க் வரும் நேரமான இக்னிஷன் டைமிங்கையும் பின்தள்ளிக்கொண்டு.

டைமிங்கைப் பின்தள்ளுவது பிஸ்டனைக் காப்பாற்றும். ஆனால் சூடு காணாமல் போவதில்லை, இடம் மாறுகிறது. தாமதமாக எரியத் தொடங்கிய கலவை எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் சூடாகவே இருக்கும், அதை டர்பைன் வாங்கிக்கொள்ளும். பெட்ரோல் டர்பைன்களை வழக்கமாக 950 டிகிரி வரைக்கும், நிக்கல் அதிகம் கலந்த உறை உள்ளவற்றை 1,050 வரைக்கும் வடிவமைக்கிறார்கள். அதற்கு மேல் போனால் மேனிஃபோல்டில் விரிசல், வேஸ்ட்கேட் கதவு உட்காரும் விளிம்பில் வெடிப்பு. ஈசியூ இதையும் சமாளிக்கக் கூடுதல் பெட்ரோலை ஊற்றிக் குளிர்விக்கப் பார்க்கும். ஆகவே கண்மூடித்தனமாகப் பூஸ்ட் ஏற்றிய காரில் நடப்பது இதுதான்: அழுத்தம் கூடுகிறது, டைமிங் பின்வாங்குகிறது, பெட்ரோல் வீணாகிறது, டர்பைன் பழுக்கிறது. சக்தி மட்டும் கூடாது.

டீசலில் இந்த வகை நாக்கிங் இல்லை. அங்கே எதிரி நேரடியாக எக்ஸாஸ்ட் சூடுதான். பூஸ்ட்டைவிட டீசல் ஊற்றும் அளவுதான் அதைத் தீர்மானிக்கிறது. கறுப்புப் புகை வந்தால் காற்றைத் தாண்டி டீசல் போகிறது என்று அர்த்தம். அசையும் இறகுகள் கொண்ட டீசல் டர்போக்களைப் பெட்ரோல் டர்போக்கள் அளவுக்குச் சூடாக்கக் கூடாது என்பதை மட்டும் இங்கே சொல்லிவிட்டு நகர்கிறேன்.

நேரடி இன்ஜெக்ஷன் பெட்ரோல் இஞ்சின்களில் இன்னொரு அபாயம் உண்டு. 1,500 முதல் 2,500 ஆர்பிஎம்முக்குள், மேல் கியரில், ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது, ஸ்பார்க் வருவதற்கு முன்பே ஒரு ஆயில் துளியோ கரித்துகளோ கலவையைப் பற்றவைத்துவிடும். எல்எஸ்பிஐ (குறைந்த ஆர்பிஎம்மில் வரும் முன்பற்றல்) என்கிறார்கள். ஒரே ஒரு தடவை போதும், பிஸ்டன் உடையும், கனெக்டிங் ராடு வளையும். ஆயிலில் சேர்க்கும் கால்சியம் வகை டிடர்ஜென்ட் இதைத் தூண்டுவதாகத் தெரிந்ததால், 2018இல் அமெரிக்கப் பெட்ரோலிய அமைப்பான ஏபிஐயின் எஸ்என் ப்ளஸ், 2020இல் எஸ்பி என்று ஆயில் தரங்களையே இதற்காக மாற்றினார்கள். ஆகவே பூஸ்ட் ஏற்றுகிறவர் எஸ்பி தர ஆயில் போடுவது அலங்காரமல்ல. அதைவிட முக்கியம், கீழ் ஆர்பிஎம்மில் பூஸ்ட்டைக் கம்பெனி அளவிலேயே விட்டுவிடுவது. கீழ் ஆர்பிஎம்மில் வரும் டார்க்தான் (சுழற்றும் விசை) ராடுகளையும் கிளட்ச்சையும் கியர்பாக்ஸையும் உடைக்கிறது. 2,000 ஆர்பிஎம்மில் கிடைக்கும் அந்த அடி சுகமானது, எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை 3,000க்கு மேல் தள்ளிவைத்தால் இஞ்சின் பிழைக்கும்.

இனி பெட்ரோல் போய்ச் சேரும் வழி. இங்கேதான் மிக மோசமான குறுக்குவழியும் இருக்கிறது. இஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை ஈசியூவுக்குச் சொல்லும் கம்பெனி மேப் சென்சார் பல கார்களில் மொத்த அழுத்தம் 2.5 பார் வரைதான் அளக்கும்; வெளிக்காற்றைக் கழித்தால் 1.5 பார் பூஸ்ட். எல்லையை நெருங்கினால் ஈசியூ எரிபொருளை வெட்டிவிடும். கார் சுவரில் முட்டியதுபோல் நிற்கும். இதிலிருந்து தப்பிக்க, சென்சாருக்குப் போகும் அழுத்தத்தையோ மின்னழுத்தத்தையோ குறைத்துக் காட்டும் சின்னப் பெட்டிகளை விற்கிறார்கள். அது செய்வது என்ன என்று யோசித்துப் பாருங்கள். உள்ளே வரும் காற்று கூடியிருக்கிறது, ஈசியூவோ பழைய காற்றுக்கே பெட்ரோல் கொடுக்கிறது. அந்த எரிபொருள் வெட்டு இஞ்சினுக்கு வைத்த கடைசிப் பூட்டு. அதை ஏமாற்றுகிறவர் தன் பிஸ்டன்களைத்தான் ஏமாற்றுகிறார்.

முழு மிதியில் பெட்ரோல் டர்போவுக்கு லாம்டா (முழுதாக எரியத் தேவையான காற்றில் எத்தனை பங்கு இருக்கிறது என்பது) 0.80ஐ ஒட்டி, அதாவது எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 11.8 பங்கு காற்று அளவில் இருக்க வேண்டும். இதைக் கொடுக்க பம்புக்குத் தெம்பு இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. காற்று உள்ளே வரும் மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்த்து எரிபொருள் அழுத்தத்தை ஏற்றும் ரெகுலேட்டர் உள்ள போர்ட் இன்ஜெக்ஷன் காரில் (பெட்ரோலை சிலிண்டருக்குள் அல்ல, அதன் வாசலில் தெளிப்பது) அடிப்படை 3 பார் என்றால், 1.2 பார் பூஸ்ட்டில் பம்ப் 4.2 பாருக்கு எதிராகத் தள்ள வேண்டும். அழுத்தம் கூடக் கூடப் பம்ப் கொடுக்கும் அளவு குறையும். நமக்குத் தேவை கூடும் நேரத்தில் அது கொடுப்பது குறைகிறது. இன்ஜெக்டர்கள் முழு நேரமும் திறந்தே கிடக்கும் நிலைக்கு வந்தால் கட்டுப்பாடு போய்விடும். 85 சதவீதத்தில் நிறுத்திக்கொள்வது நல்ல வழக்கம். எத்தனால் கலந்த எரிபொருள் நாக்கிங்குக்கு அருமருந்து. நாக்கிங்கைத் தாங்கும் திறனைச் சொல்லும் ஆக்டேன் எண் அதிகம், ஆவியாகும்போது பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் சூட்டை உறிஞ்சும். ஆனால் 85 சதவீதம் வரை எத்தனால் உள்ள இ85 போட்டால் அளவில் 30 முதல் 40 சதவீதம் கூடுதலாக ஊற்ற வேண்டும். பழைய பம்ப், பழைய இன்ஜெக்டரோடு அது மருந்தல்ல.

எரிபொருள் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு ஃபார்முலா ஒன் ஒரு சாட்சி. டர்போக்களை அடக்க மொத்த அழுத்தத்தை 1987இல் 4 பாருக்கும், 1988இல் 2.5 பாருக்கும் கட்டுப்படுத்தினார்கள். அந்த 1988இல் ஹோண்டா டர்போ இஞ்சினோடு ஓடிய மெக்லாரன் 16 பந்தயங்களில் 15ஐ வென்றது. ஹோண்டாவின் எரிபொருளில் 84 சதவீதம், நாக்கிங்கை நன்றாகத் தாங்கும் டொலுயீன். இன்றைய சாலைக் கார்களிலும் மெர்சிடஸ் ஏஎம்ஜியின் 2 லிட்டர் எம்139 இஞ்சின் கம்பெனியிலிருந்தே 2.1 பார் பூஸ்ட்டோடு, 421 குதிரைத்திறனோடு வந்தது. உயர் பூஸ்ட் தன்னளவில் பாவமல்ல என்பதற்கு அது ஆதாரம். ஃபோர்ஜ் செய்த (வார்க்காமல், உலோகத்தை அழுத்தி அடித்து உருவாக்கிய) பிஸ்டன், ஃபோர்ஜ் செய்த கிராங்க், 9.0 கம்ப்ரஷன் என்று அதற்காகவே கட்டிய இஞ்சின் அது. நம் காரில் கம்பெனி விட்டுவைத்திருக்கும் இடைவெளி இதற்காக வைத்ததல்ல. 45 டிகிரி வெயில், மட்டமான பெட்ரோல், தேய்ந்த ப்ளக், முழுச் சுமை, ஏற்றம், இத்தனையும் ஒரே நாளில் சேர்ந்து வந்தாலும் உடையக் கூடாது என்பதற்காக வைத்தது. அந்த இடைவெளியை நாம் எடுத்துக்கொண்டால், அந்த நாட்களில் காரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் நம்முடையது.

வேலையில் இறங்கும்போது நான் முதலில் பூஸ்ட்டைத் தொடுவதில்லை, கசிவைத்தான் தேடுவேன். இன்டர்கூலர் குழாய்களை அடைத்து வெளியிலிருந்து காற்றேற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் நுரை சொல்லிவிடும். கசிவு இருக்கும் காரில் டர்போ ஏற்கனவே தேவைக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கும். பிறகு புது ப்ளக்குகள், ஒரு படி குளிர்ந்த வகை (சூட்டை வேகமாகக் கடத்துவது), இடைவெளி 0.6 அல்லது 0.7 மில்லிமீட்டர், அழுத்தம் கூடினால் ஸ்பார்க் தாண்டுவது கடினம். ஆயில் மாற்றும் இடைவெளியைப் பாதியாக்குங்கள். வேகமாக ஓட்டிவிட்டு உடனே இஞ்சினை அணைக்காதீர்கள், பேரிங்கில் நிற்கும் ஆயில் கருகும்.

அடுத்து, எதையும் மாற்றாமல் ஒரு லாக், அதாவது ஓடும்போது ஈசியூ காட்டும் அளவுகளின் பதிவு, எடுக்க வேண்டும். மூடிய ஓடுதளத்தில் அல்லது டைனோவில் (காரை நிறுத்தி வைத்தே சக்கரத்தை ஓடவிட்டு அளக்கும் மேடை), மூன்றாவது கியரில், முழு மிதியில். உள்ளே போகும் காற்றின் வெப்பம், ஒவ்வொரு சிலிண்டரிலும் பின்தள்ளப்பட்ட டைமிங், லாம்டா, எரிபொருள் அழுத்தம், வேஸ்ட்கேட் சோலினாய்டின் டூட்டி (அது எத்தனை சதவீத நேரம் வேலை செய்கிறது என்பது). இந்த ஐந்தும் பூஸ்ட் கேஜைவிட நூறு மடங்கு பேசும். அப்புறம் 0.1 பார் ஏற்றி மறுபடி லாக். டூட்டி 90 சதவீதத்தைத் தாண்டியும் மேல் ஆர்பிஎம்மில் பூஸ்ட் தானே சரிகிறது என்றால் டர்போவுக்கு மூச்சு தீர்ந்துவிட்டது. அந்தச் சரிவை நிமிர்த்தப் பார்க்காதீர்கள். சின்ன டர்போவில் பூஸ்ட் 5,000க்கு மேல் இறங்குவதுதான் இயல்பு. டைமிங் 3 டிகிரிக்கு மேல் (இது வெப்பமல்ல, கிராங்க் சுழலும் கோணம்) திரும்பத் திரும்பப் பின்வாங்கினால் ஏற்றியதை இறக்கிவிடுவேன். ஒரு தடவை ஓடினால் போதாது, அடுத்தடுத்து மூன்று தடவை ஓட வேண்டும், ஏனென்றால் இன்டர்கூலர் தன் உண்மையான நிறத்தை மூன்றாவது ஓட்டத்தில்தான் காட்டும்.

நான் வைத்திருந்த 2 லிட்டர் காரில் இது எனக்குக் கண்கூடாகவே தெரிந்தது. 1.4 பாரில் முதல் ஓட்டம் அட்டகாசம். மூன்றாவது ஓட்டத்தில் காற்றின் வெப்பம் 70 டிகிரியைத் தாண்டியது, நான்கு சிலிண்டரிலும் டைமிங் பின்வாங்கியிருந்தது. ப்ளக்குகளைக் கழற்றிப் பூதக்கண்ணாடியில் பார்த்தேன். மூன்றாவது ப்ளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோல் கரும்புள்ளிகள், நடுவே வெளிச்சம் பட்டால் மினுக்கும் இரண்டு மூன்று குட்டி மணிகள். அது பிஸ்டனிலிருந்து வந்த அலுமினியம். அன்றைக்கே 1.15 பாருக்கு இறக்கி, புது ப்ளக்குகள் போட்டு, இஞ்சின் ஆறிய பிறகு மறுபடி மூன்று தடவை ஓடினேன். டைமிங் அசையவில்லை. 3,000லிருந்து 6,000 ஆர்பிஎம் தொட ஆன நேரத்தை இரண்டு லாக்கிலும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, முதல் ஓட்டத்தில் 1.4 பார் மயிரிழையில் முந்தியிருந்தது. மூன்றாவது ஓட்டத்தில் முந்தியது 1.15.